கடைந்த பேனாவின் திருகு மூடி நிற்காவிட்டால் எங்கே கை வைப்பது

லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) கடைந்த மைப்பேனாவின் திருகு மூடி பிடிக்காவிட்டால், மூடி லூசு என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிடுகிறோம். பேனாவைக் கையில் வாங்கிப் பார்த்தால் அதற்குள் இரண்டு தனித்தனி நிலைகள் இருக்கும். ஒன்று, திருகிக்கொண்டிருக்கும்போது மூடி இப்படியும் அப்படியும் ஆடுவது. ஆனால் கடைசிவரை போனதும் கெட்டியாக நின்றுவிடும். இன்னொன்று, கடைசிவரை திருகிய பிறகும் பிடிப்பே இல்லாமல், சட்டைப் பையில் கிடந்தபடியே தானாகக் கழன்றுவிடுவது. முதலாவது கோளாறே அல்ல. இரண்டாவதுதான் கோளாறு. அதற்கும் பெரும்பாலும் மரை காரணமில்லை. மூடியின் வாய் உடலில் உட்காரும் இடம்தான் காரணம். இதைப் பிரித்தறியாமல் மரையில் பசையைத் தடவிக் கெட்டுப்போன நல்ல பேனாக்கள் ஏராளம். அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

மூடியின் மரைக்கும் உடலின் மரைக்கும் நடுவே சற்று இடைவெளி இருந்தே ஆக வேண்டும். விட்டத்தில் 0.1 முதல் 0.15 மி.மீ. வரை இருந்தால் மூடி தடையில்லாமல் ஓடும். பேனா கடையும் பொருள்களில் அக்ரிலிக் பிளாஸ்டிக்கும் கெட்டி ரப்பரான எபோனைட்டும் வெயிலில் சற்றே பெருக்கும். பால்புரதத்தில் செய்யும் கேசீன் ஈரத்தை உறிஞ்சி நன்றாகவே உப்பும். இடைவெளியே இல்லாமல் வெட்டிய மரை, மழைநாளில் பாதி வழியில் இறுகி நின்றுவிடும். ஆகவே திருகும்போது ஆடுகிறது என்பதற்காக எதையும் செய்யாதீர்கள்.

மூடியை நிறுத்துவது எது

மூடியின் வாய் உடலின் தோளில் (மரை முடிந்து உடல் பருக்கும் படியில்) முட்டிய பிறகு விரலால் இன்னும் கொஞ்சம் திருப்புகிறோமே, அந்தச் சிறு திருப்பல்தான் எல்லாம். தோள் வழிவிடாது, மரை மட்டும் மூடியைக் கீழே இழுக்கும். வாய்க்கும் மரைக்கும் இடைப்பட்ட பொருள் நூலிழை அளவு நசுங்கி, மீண்டு வர முயலும். அந்த முயற்சியில் மரையின் சரிவுகள் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்துக்கொள்கின்றன. இந்த அழுத்தம் உள்ளவரை மூடி நிற்கும். அது போய்விட்டால் எவ்வளவு நேர்த்தியான மரையும் பிடிக்காது.

கடைந்த மைப்பேனாக்களில் பரவலாக இருப்பது 13 மி.மீ. விட்டம், 0.8 மி.மீ. பிட்ச் (அடுத்தடுத்த மரைகளுக்கு இடையே உள்ள தூரம்), மூன்று தொடக்கம் (மூன்று மரைகள் இணையாகச் சுற்றி ஓடுவது) கொண்ட மரை. ஒரு முழுச் சுற்றுக்கு மூடி 2.4 மி.மீ. இறங்கும், அதனால் ஒன்றரைச் சுற்றில் திறந்துவிடலாம். மரை இப்படி வேகமாகச் சரிவதால்தான் மூடி கழல்கிறது என்று சொல்வதுண்டு. கணக்கு அதை ஒப்பவில்லை. மூன்று தொடக்க மரையின் ஏற்றக்கோணம் சுமார் 3.5 பாகை, ஒற்றைத் தொடக்கத்தில் 1.2 பாகை. பிளாஸ்டிக்கின் மேல் பிளாஸ்டிக் உரசும்போது உராய்வு எண்ணை 0.2 என்று குறைவாகவே எடுத்தாலும் உராய்வுக்கோணம், அதாவது சரிவில் பொருள் வழுக்கத் தொடங்கும் கோணம், 11 பாகையைத் தாண்டும். அழுத்தம் இருக்கிறவரை இரண்டு மரையும் தாமாகச் சுழன்று இறங்காது.

பிறகு எப்படிக் கழல்கிறது? பக்கவாட்டு அதிர்வால். திருகுகளும் நட்டுகளும் தளர்வதற்கு முதன்மைக் காரணம் குறுக்கே வரும் அசைவு என்பதை ஜெர்ஹார்ட் யுங்கர் 1969இல் சோதனையோடு காட்டினார். குறுக்கு அசைவில் மரைச்சரிவு ஒருகணம் வழுக்குகிறது. வழுக்கும் அந்தக் கணத்தில் உராய்வு எந்தத் திசையிலும் துணை நிற்பதில்லை. பையில் கிடக்கும் பேனாவுக்கு நாள் முழுவதும் நடப்பது இதுதான். மூன்று தொடக்க மரையின் பலவீனமும் இங்கேதான் வெளிப்படும். 5 பாகை பின்னோக்கிச் சுழன்றால் அதில் 0.033 மி.மீ. நசுங்கல் விட்டுப்போகிறது, ஒற்றைத் தொடக்கத்தில் 0.011 மட்டுமே. ஆகவே பழுதுபார்ப்பு என்பது அந்த நசுங்கலைத் திரும்பக் கொண்டுவந்து, அதைச் சுற்றளவு முழுவதும் சமமாகப் பரப்புவதுதான்.

முதலில் பார்க்க வேண்டியவை

கழுவுங்கள். காய்ந்த மையும், மெருகேற்றும்போது ஒட்டிக்கொண்ட பாலிஷ் பசையும் மரைப்பள்ளத்தில் தங்கினால், வாய் தோளைத் தொடுமுன்பே மூடி இறுகியதுபோல் தோன்றும். குளிர்ந்த நீர், ஒரு துளி பாத்திரம் துலக்கும் சோப்பு, மென்மையான பல்துலக்கி போதும். வெந்நீர் வேண்டாம்; எபோனைட்டின் கருமை மங்கிப் பழுப்பாகிவிடும். கேசீனை ஊறவைக்கவே கூடாது. அசிட்டோன் அக்ரிலிக்கையும் செல்லுலாய்டையும் கரைக்கும். ஆல்கஹால் அக்ரிலிக்கின் வெட்டுப்பரப்பில் மயிரிழை விரிசல்களை உண்டாக்கும். மரை முழுவதுமே வெட்டுப்பரப்புதான். யாராவது சிலிக்கோன் கிரீஸ் போட்டிருந்தால் அதையும் துடைத்தெடுங்கள். மை நிரம்பும் உடலையும் நிப்பைத் தாங்கும் கழுத்தையும் இணைக்கும் மரைக்கு அது நல்லது. மூடியின் மரைக்கும் வாய்க்கும் அது வழுக்கல்.

அடுத்து விரிசல். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில், வாயைச் சுற்றி வெளிச்சத்தைச் சாய்வாகப் பாய்ச்சிப் பாருங்கள். மூடியின் வாய்தான் அதன் மிக மெலிந்த பகுதி. மிகையாக இறுக்கினாலும், எழுதும்போது மூடியை உடலின் பின்பக்கத்தில் அழுத்திச் செருகினாலும் அங்கேதான் விரிசல் விடும். மூடியைக் கழற்றி வைத்திருக்கையில் விரிசல் மூடிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாது. இறுக்கும்போது வாய் விரிந்து அழுத்தத்தை விட்டுவிடும். அதனால் மூடியை இறுக்கிய நிலையிலும் ஒருமுறை பாருங்கள். விரிசல் இருந்தால் கீழே சொல்லும் எந்த வழியும் பலன் தராது. மெல்லிய சூப்பர் க்ளூவை விரிசலுக்குள் ஊறவிட்டு, வாயின் வெளிப்புறத்தில் ஓர் உலோகப் பட்டை பதிக்க வேண்டும். பசையை மட்டும் நம்பினால் சில வாரங்களில் திரும்பப் பிளக்கும்.

பிறகு காகிதச் சோதனை. சிகரெட் சுருட்டும் மெல்லிய தாளில் 2 மி.மீ. அகலத் துண்டுகள் நறுக்கிக்கொள்ளுங்கள். வாய்க்கும் தோளுக்கும் நடுவே ஒன்றை வைத்து, வழக்கமான இறுக்கத்தில் திருகி, தாளை இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் நான்கு இடங்களில் இதைச் செய்யுங்கள். நான்கிலும் தாள் கிழிந்தால் வாய் சரியாக உட்காருகிறது. நான்கிலும் வழுக்கி வந்தால் வாய் தோளைத் தொடவேயில்லை, வேறெங்கோ முட்டுகிறது. ஒருபக்கம் கிழிந்து எதிர்ப்பக்கம் வழுக்கினால் வாயோ தோளோ சாய்வாக வெட்டப்பட்டிருக்கிறது. இந்த ஒரு சோதனையிலேயே பாதிக்கு மேற்பட்ட பேனாக்களின் காரணம் தெரிந்துவிடும்.

வேறெங்கு முட்டுகிறது என்பதை அறிய, கறுத்த பொருளானால் சுண்ணக்கட்டித் தூளையும், வெளிர் நிறமானால் மென்மையான பென்சில் கரியையும் உடலின் மரைமீதும் கழுத்தின் முன்விளிம்பிலும் லேசாகப் பூசி, மூடியைத் திருகிக் கழற்றுங்கள். தூள் துடைபட்ட இடம் முட்டும் இடம். நிரந்தர மார்க்கர் பேனாவைப் பயன்படுத்தாதீர்கள். சில பிசின்கள் அந்தச் சாயத்தை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும்.

கடைசியாக அளவு. உடல் மரையின் உச்சி விட்டத்தை வெர்னியர் அளவியில் எடுக்கலாம். மூடியின் உள்விட்டத்தை வெர்னியரின் உள்தாடையால் எடுத்தால் பிழை வரும். டிரில் பிட்டுகளின் வழுவழுப்பான தண்டுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்ப்பது நம்பகமானது. 0.8 பிட்ச் மரையில் முழுப்பிடிப்பு, அதாவது மரைகள் முழு ஆழத்துக்கு ஒன்றுக்குள் ஒன்று செருகுவது, என்றால் இரண்டு விட்டங்களுக்கும் இடையே 0.87 மி.மீ. வித்தியாசம் இருக்கும். உடல் 12.9, மூடி 12.2 என்றால் வித்தியாசம் 0.7; ஏறக்குறைய 80 விழுக்காட்டுப் பிடிப்பு, அருமை. உடல் 12.75, மூடி 12.4 என்றால் 0.35, 40 விழுக்காடு. இப்படிப்பட்ட மூடி, இறுக்கும்போது மரையைத் தாண்டி ‘டக்’ என்று குதிக்கும். 60க்கு மேல் இருந்தால் மரையைத் தொட வேண்டியதில்லை என்பது என் முடிவு.

வாய் சரியாக உட்காராதபோது

தூள் சோதனையில் உடல் மரையின் கடைசிச் சுற்று, தோளுக்கு ஒட்டிய இடத்தில், துடைபட்டிருந்தால் காரணம் தெளிவு. வெளிமரை வெட்டும் கருவியான டையால் மரையைத் தோள்வரை முழு ஆழத்துக்கு வெட்ட முடியாது. கடைசி ஒன்றரைச் சுற்று படிப்படியாக ஆழம் குறைந்து முடியும். மூடியின் முதல் மரை அந்த ஆழமில்லாத இடத்தில் ஆப்பாகச் செருகி இறுகுகிறது. கைக்கு இறுக்கமாகத் தெரியும். உண்மையில் வாய்க்கும் தோளுக்கும் இடையே 0.1 அல்லது 0.2 மி.மீ. வெளிச்சம் தெரியும். ஆப்பு இறுக்கம் சிறு அதிர்வில் விட்டுப்போகும். மேலும் இறுக்கினால் வாய் பிளக்கும்.

உடலில் தோளையொட்டி ஒரு பள்ளம் வெட்டி அந்த மரைவாலை நீக்குவது புதிதாகப் பேனா கடைபவருக்கு ஏற்ற முறை. முடிந்த பேனாவில் அதைச் செய்யத் தயங்க வேண்டும்: மரைப்பள்ளத்தின் விட்டம் சுமார் 12 மி.மீ., உள்ளே கழுத்து திருகும் துளை 10 மி.மீ. என்றால் சுவர் ஒரு பக்கத்துக்கு 1 மி.மீ.தான். அதிலும் பள்ளம் வெட்டினால் பேனா அங்கேயே ஒடியும். மூடியின் வாயை உள்ளிருந்து அகலப்படுத்துவதே மேல். முதல் 1 முதல் 1.5 மி.மீ. ஆழத்துக்கு மட்டும் 13.2 மி.மீ. விட்டத்தில் கடைந்துவிட்டால் மூடியின் மரை அவ்வளவு உள்ளே தள்ளித் தொடங்கும், மரைவாலைத் தொடாது. லேத் இல்லாவிட்டால் 13.2 மி.மீ. குச்சியில் 400 எண் உப்புத்தாளைச் சுற்றி இதைக் கையால் செய்யலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். வாய் நீள்வட்டமாகிவிடும்.

துடைபட்டது கழுத்தின் முன்விளிம்பு என்றால், மூடிக்குள் இருக்கும் படியோ உள்மூடியோ கழுத்தில் முந்திக்கொண்டு முட்டுகிறது. நிப் காயாமல் இருக்க அங்கே தொடுவது நல்லதுதான், ஆனால் வாயும் தோளும் அதற்கு முன் தொட வேண்டும். உள்படியை, வாய்க்கும் தோளுக்கும் நடுவே தெரியும் இடைவெளியைவிட 0.05 மி.மீ. கூடுதலாக ஆழப்படுத்தினால் போதும். உள்மூடி தனித்துண்டாக இருந்து பசை விட்டுக் கீழே நகர்ந்திருந்தால், அதை ஏற்றி ஒட்டினாலே வேலை முடிந்தது.

வாய் சாய்வாக இருந்தால் அதைச் சமப்படுத்த வேண்டும். அதே மரை வெட்டிய தாங்குதண்டான மேண்ட்ரலில் மூடியை ஏற்றி லேத்தில் 0.05 மி.மீ. எடுப்பது சிறந்தது. கையால் செய்வதானால் தட்டையான கண்ணாடிமீது 1000 எண் ஈர உப்புத்தாளை வைத்து, மூடியை நிமிர்த்திப் பிடித்து, ஐந்து தேய்ப்புக்கு ஒருமுறை கால் சுற்று திருப்பிக்கொண்டே போங்கள். கை எப்போதும் தன்னை நோக்கியே கூடுதலாக அழுத்தும்; திருப்பாவிட்டால் பழைய சாய்வு போய்ப் புதுச் சாய்வு வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வாயில் எவ்வளவு எடுத்தாலும் மூடி நிற்கும் திசை மாறும். மூன்று தொடக்க மரையில் 0.1 மி.மீ. எடுத்தால் மூடி 15 பாகை கூடுதலாகச் சுழன்று நிற்கும்; ஒற்றைத் தொடக்கத்தில் 45 பாகை. கிளிப்பும் நிப்பும் ஒரே கோட்டில் நிற்கும்படி கடைந்த பேனா, அல்லது உடலின் கோலம் மூடியிலும் தொடர்ந்து ஓடும் பேனா என்றால் இந்த 15 பாகை கண்ணை உறுத்தும். நிப்பின் திசையைக் கழுத்தில் திருப்பிச் சரிசெய்யலாம். கோலத்தைச் சரிசெய்ய முடியாது. அப்படிப்பட்ட பேனாவில் தோளைத் தொடுவதும் அதே பலனைத்தான் தரும். இடைவெளியை நிரப்பும் வழியைத்தான் தேட வேண்டும்.

எல்லாம் சரி, பிடிப்பு மட்டும் போதவில்லை என்றால்

வாய் ஒழுங்காக உட்காருகிறது, மரையும் ஆழமாக இருக்கிறது, ஆனாலும் கழல்கிறது. நன்றாக மெருகேற்றிய அக்ரிலிக்கில் இது வரும்: வாயும் தோளும் கண்ணாடியாக மின்னுவதால் உராய்வு போதாது. தொடும் பரப்பு இரண்டிலும் 600 எண் தாளால் மெருகை மட்டும் கலைத்துவிடுங்கள். வெளியே தெரியாத இடம், அழகு கெடாது. இதைவிட எளிய பழுதுபார்ப்பு வேறில்லை, பலரும் செய்து பார்ப்பதும் இல்லை.

போதவில்லையென்றால் தோளில் ஒரு மெல்லிய சிலிக்கோன் வளையம். 0.5 மி.மீ. தடிமன் போதும், 1 மி.மீ. ஓ-ரிங் போட்டால் அதற்குரிய பள்ளம் வேண்டும், சுவர் அதைத் தாங்காது என்று மேலே பார்த்தோம். சிலிக்கோன் நெடுநாள் மீள்தன்மை காப்பதால் அழுத்தம் விட்டுப்போகாது. கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர் வளையத்தைச் செல்லுலாய்டு பேனாவில் போடக் கூடாது. அதன் ஆவி செல்லுலாய்டைப் பழுப்பாக்கும். மென்மையான பிவிசி வளையமும் வேண்டாம். அதை இளக்கப் போட்ட எண்ணெய் பிசினுக்குள் இறங்கும். வளையத்தின் தடிமனும் கிளிப்பின் திசையை மாற்றும் என்பதை மறக்க வேண்டாம். கோலம் ஒத்துவர வேண்டிய பேனாவில் இதையே சாதகமாக்கிக்கொண்டு, தடிமனை உரசிக் குறைத்துத் திசையைச் சரிபார்க்கலாம்.

மரையில் தேன்மெழுகு தேய்ப்பது தற்காலிக வழி. சில வாரம் ஆட்டத்தைக் குறைக்கும், தீங்கில்லை. குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் நாடா வேண்டாம்: அது வழுக்கும் பொருள், பிய்ந்து நார்நாராக நிப் வரை போகும். நகப்பூச்சும் வேண்டாம். அதிலுள்ள கரைப்பான்கள் செல்லுலாய்டைக் கரைத்து மூடியை ஒட்டவைத்துவிடும். அக்ரிலிக்கில் விரிசல் விடும்.

மரையே தேய்ந்திருந்தால்

பிடிப்பு 50 முதல் 60 விழுக்காட்டுக்குள் என்றால் உடலின் மரையைச் சற்றுப் பருக்கவைக்கலாம். உடல் மரைதான்; கண்ணுக்குத் தெரியும், டையால் திருத்தவும் முடியும். உடலின் வாயைப் பஞ்சால் அடைத்துவிட்டு, மெல்லிய சூப்பர் க்ளூவைப் பல்குத்தும் குச்சியின் நுனியில் எடுத்து மரையின் உச்சியோடு இழுத்துச் செல்லுங்கள். ஒரு பூச்சு காய்ந்த பின் அடுத்தது. மூன்று, நான்கு பூச்சில் விட்டம் 0.1 மி.மீ.க்கு அருகில் ஏறும். பிறகு 24 மணி நேரம் மூடாமல் வைக்க வேண்டும். இந்தக் காத்திருப்பை யாரும் குறைக்கக் கூடாது: காயாத பசை மூடியை உடலோடு ஒட்டிவிடும். காய்ந்ததும் பிளவுள்ள டையை அதன் திருகால் முழுக்கத் திறந்து, கையால் சுழற்றி, பின் சிறிது சிறிதாக மூடிக்கொண்டே வந்து, ஒவ்வொரு முறையும் மூடியைப் போட்டுப் பாருங்கள். எபோனைட்டில் பசையின் வெண்படலம் தெரியலாம். எண்ணெய் தொட்ட துணியால் தேய்த்தால் போகும். அக்ரிலிக்கில் உள்ளே தெரியாத மூலையில் ஒரு துளி வைத்து, மறுநாள் விரிசல் விட்டதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். டெல்ரின் என்ற வழுக்கும் பிளாஸ்டிக்கில் செய்த மூடிக்கோ உடலுக்கோ சாதாரணப் பசை எதுவும் சரியாகப் பிடிக்காது.

50க்குக் கீழே போய்விட்டால் பூச்சு வேலை வீண். மூடிக்குள் புது உறை வைப்பதுதான் நிலையான வழி. வாயின் வெளிவிட்டம் 15.4 மி.மீ. என்று கொண்டால், மரை இருந்த பகுதியை 8 மி.மீ. ஆழத்துக்கு 14 மி.மீ. விட்டத்தில் கடைந்தெடுங்கள், மூடியின் சுவர் 0.7 மி.மீ. மிஞ்சும். அதே பொருளில், அல்லது கறுப்பு எபோனைட்டில், 13.9 மி.மீ. விட்டமுள்ள கட்டையைக் கடையுங்கள். இரு பரப்பையும் 220 எண் தாளால் கீறி, மெதுவாக இறுகும் எபாக்சியால் ஒட்டி ஒருநாள் விடுங்கள். துளையை முன்கூட்டியே போடாதீர்கள். கட்டை ஒட்டிய பிறகு, மூடியை லேத்தில் நடுவம் பார்த்துப் பிடித்து, 12.2 மி.மீ. துளையிட்டு, உள்மரை வெட்டும் டேப்பைச் செலுத்தினால்தான் மரை மூடியின் அச்சோடு ஒத்து நிற்கும். துளையிட்ட உறையை ஒட்டினால், பசையின் இடைவெளியளவு மரை கோணிக்கொள்ளும். கோணிய மரையில் வாய் ஒருபக்கம்தான் உட்காரும், கோளாறு பழைய இடத்துக்கே வந்துவிடும். டேப்பை அரைச் சுற்று முன்னும் கால் சுற்று பின்னுமாகச் சோப்புநீர் விட்டுச் செலுத்துங்கள். சூடேறிய அக்ரிலிக்கை அளக்காதீர்கள். ஆறிய பின் அளவு மாறும்.

பேனாவைக் கடைந்தவரே பழுதுபார்ப்பதானால் இன்னொரு வழி இருக்கிறது, பல நேரம் அதுவே சுலபம்: மூடியை விட்டுவிட்டு உடலைப் புதிதாகக் கடைவது. டையைச் சற்றே திறந்துவைத்து வெட்டினால் தேய்ந்த மூடிக்கு ஏற்ற பருத்த மரை கிடைக்கும். கிளிப்பும் பட்டையும் கோலமும் உள்ள மூடியைவிட வெறும் உடலைக் கடைவது குறைந்த வேலை. ஆனால் அந்த உடலுக்கு வேறு மூடி பொருந்தாது என்பதை உரிமையாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

எந்த வழியில் சரிசெய்தாலும், மூடியை வழக்கமான இறுக்கத்தில் திருகி, வாய்க்கும் உடலுக்கும் குறுக்கே பென்சிலால் ஒரு மெல்லிய கோடு போட்டு, ஒருநாள் பையில் வைத்திருந்து பாருங்கள். 15 மி.மீ. விட்டத்தில் கோடு 1 மி.மீ. விலகினால் மூடி ஏறக்குறைய 8 பாகை பின்வாங்கியிருக்கிறது என்று பொருள். அழுத்தம் முழுவதும் போயிருக்கும். அரை மி.மீ. விலகி அங்கேயே நின்றுவிட்டால், புதிதாகக் கடைந்த பரப்பு படிந்துகொண்டிருக்கிறது. மறுநாள் திரும்ப இறுக்கிக் கோட்டைப் புதிதாகப் போடுங்கள். இரண்டாவது நாளும் விலகினால் வாயையும் தோளையும் மறுபடி காகிதம் வைத்துப் பார்க்க வேண்டும்.